பனிமூட்டத்தில் மரம் தெரியாது

கோட் எழுதக் கற்றவர்களுக்கு நான் எடுக்கும் வகுப்பில், முதல் நாள் யாரையும் லேப்டாப்பைத் திறக்க விடமாட்டேன். ஆளுக்கு ஒரு தாள் கொடுப்பேன். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கும் ஒருவர் உங்கள் வீட்டுக்கு எப்படி வர வேண்டும் என்று எழுதுங்கள், 10 வரிக்கு மேல் வேண்டாம் என்பேன். எழுதி முடித்ததும் தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். வாங்கியவர் அந்த வழியில் மனதுக்குள் நடந்து பார்க்க வேண்டும். எந்த இடத்தில் கால் தயங்குகிறதோ, அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுத வேண்டும். அவ்வளவுதான்.

போன வருடம் அரவேனுப் பக்கமிருந்து வந்த ஒரு பையன், “பெரிய மரத்துக்கிட்ட இடது பக்கம் திரும்பவும்” என்று எழுதியிருந்தான். அவன் பிறந்ததிலிருந்து பார்க்கிற மரம் அது. தாளை வாங்கிய பெண் சோலூர்மட்டத்திலிருந்து வருபவள். அவள் பென்சிலால் எழுதினாள்: “பனிமூட்டத்தில் மரம் தெரியாது. வேற அடையாளம் இருக்கா?” பையன் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு தன் வரியை அடித்துவிட்டு, “ரேஷன் கடையைத் தாண்டியதும் வரும் முதல் படிக்கட்டில் இடது பக்கம் இறங்கவும்” என்று எழுதினான்.

ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துப் பார்ப்பதுதான் கோட் ரிவ்யூ. அதில் நான் சொல்லித்தர நினைப்பது எல்லாமே அந்த இரண்டு நிமிடத்தில் நடந்துவிட்டது. அந்தக் கேள்வியில் எழுதியவனைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, மரத்தைப் பற்றித்தான் இருந்தது. அந்த வரி எந்த நேரத்தில் கைவிடும் என்பதை அவள் காட்டினாள். திருத்தம் எழுதியவன் கையிலேயே இருந்தது. அவளாக எதையும் மாற்றி எழுதிக் கொடுக்கவில்லை.

நான் கோயம்புத்தூரில் 11 வருடம் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள். இப்போதும் அதே வேலைதான், வீட்டிலிருந்து செய்கிறேன். சனிக்கிழமைகளில் ஒரு கடை மாடியில் ஏழெட்டுப் பேருக்கு வகுப்பு எடுக்கிறேன். காலேஜ் படிக்கிறவர்கள், படித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள், மொபைல் ரிப்பேர் கடையில் வேலை செய்யும் 31 வயது அண்ணன் ஒருவர். எல்லோருக்கும் பைத்தான் என்ற நிரல்மொழி கொஞ்சம் தெரியும். தனியாக உட்கார்ந்து எழுதத் தெரியும். இன்னொருவர் எழுதியதை ஒரு முறைகூடப் படித்திருக்கமாட்டார்கள். தாங்கள் எழுதியதை இன்னொருவர் படிப்பார் என்று நினைத்தும் பார்த்திருக்கமாட்டார்கள்.

கோப்பில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று பதிந்துவைக்கும் கருவி கிட். அதைச் சொல்லித்தரும் வகுப்புகள் பெரும்பாலும் கட்டளைகளில் தொடங்கும். மாற்றத்தைப் பதிவு செய்யும் ஆட், கமிட், அதை அனுப்பிவைக்கும் புஷ், தனிக் கிளை பிரிக்கும் பிராஞ்ச், கிளைகளைச் சேர்க்கும் மெர்ஜ் என்று வாரம் வாரமாகப் போய், கடைசி நாளின் கடைசி அரை மணி நேரத்தில் ரிவ்யூ வரும். நான் இந்த வரிசையைத் தலைகீழாக்கியதற்குக் காரணம் என்னுடைய முதல் ரிவ்யூ.

வேலையில் சேர்ந்து மூன்றாவது வாரம். நான் எழுதிய கோடைப் பெரிய திரையில் போட்டார்கள். அறையில் எட்டுப் பேர். மூத்தவர் ஒருவர் வரிக்கு வரி நிறுத்தி, “இதை ஏன் இப்படி எழுதின?” என்று கேட்டார். கேள்வி மாதிரித்தான் இருந்தது, ஆனால் பதில் சொல்ல அதில் இடம் இருக்கவில்லை. நான் ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொண்டது அந்த ஒரு மணி நேரத்தில்தான். அடுத்த ஒரு வருடம், செய்வதை எல்லாம் சேர்த்து வைத்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரே மூட்டையாக அனுப்புவேன். ஒரு தடவை 1,400 வரி. “பார்த்துட்டேன், ஓகே” என்று கொஞ்ச நேரத்திலேயே பதில் வந்துவிட்டது. மாதத்தின் 31ஆம் தேதியில் மட்டும் கணக்குத் தப்பும் ஒரு பிழை அந்த 1,400 வரிக்குள் இருந்தது. வாடிக்கையாளர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அறையில் இருந்த யாருக்கும் அந்தப் பிழையைப் பிடிக்கிற திறமை இல்லாமல் இல்லை. படிக்க விடாமல் செய்தவள் நான், என்னை அப்படிச் செய்ய வைத்தது அந்த முதல் மணி நேரம்.

என்னிடம் வருகிறவர்களுக்கு அந்த முதல் மணி நேரம் வேறு மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வகுப்பின் நோக்கம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. ஐபிஎம்மில் வேலை பார்த்த மைக்கேல் ஃபேகன் 1976லேயே, கோடைக் கூடி உட்கார்ந்து படிக்கும் ஒரு முறையை விளக்கிக் கட்டுரை எழுதினார். பிழையைக் கண்டுபிடிப்பது மட்டும்தான் அந்தக் கூட்டத்தின் வேலை, தீர்வை அங்கேயே தேடத் தொடங்கக் கூடாது என்றார். அங்கே கண்டுபிடித்த பிழைகளை வைத்து எழுதியவரின் வேலைத்திறனை மதிப்பிடக் கூடாது என்றும் சொன்னார். கோயம்புத்தூரில் நான் திரைக்கு முன்னால் நின்றதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்பே எழுதிவைத்த விஷயம் இது. இந்த முறையிலிருந்து வந்த வழக்கம் ஒன்றை எங்கள் வகுப்பில் அப்படியே வைத்திருக்கிறேன். எழுதியவர் விளக்கக் கூடாது. படிப்பவர்தான், “இந்த மாற்றம் இன்னதைச் செய்கிறது” என்று தன் வார்த்தையில் முதலில் சொல்ல வேண்டும். அதுவரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. முதல் தடவை இது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதை முகத்தைப் பார்த்தாலே தெரியும். “இல்ல, அது வந்து...” என்று உதடு வரைக்கும் வந்துவிடும். தான் நினைத்து எழுதியதும் படித்தவர் சொல்வதும் எந்த இடத்தில் பிரிகிறதோ, அந்த வரியைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வாரம் கிட். அப்போதும் கோட் இல்லை. தாளில் எழுதிய அதே வழியைத் தமிழில் ஒரு கோப்பாக அடித்து, அதைத்தான் கமிட் செய்வோம். கிட் வரி வரியாகத்தான் ஒப்பிட்டுக் காட்டும். 10 வாக்கியத்தையும் ஒரே வரியாக அடித்துவிட்டு அதில் ஒரு சொல்லை மாற்றினால், பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டும் டிஃபில் முழுப் பத்தியும் சிவப்பில் போய், முழுப் பத்தியும் பச்சையில் வந்து நிற்கும். எந்தச் சொல் மாறியது என்று படிப்பவர் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வேர்ட்-டிஃப் என்று ஒரு வசதி இருக்கிறது, அது சொல் சொல்லாகக் காட்டும். ஆனாலும் வாக்கியத்துக்கு ஒரு வரி என்ற பழக்கத்தை அன்றைக்கே வைத்துவிடுகிறேன். படிக்கப்போகிறவரை நினைத்துக்கொண்டு எழுதுவது அங்கே தொடங்குகிறது.

தமிழில் கோப்பு வைத்தால் கிட் சில இடங்களில் திணறும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கோப்பின் பெயரை ‘இலை’ என்று வைத்துவிட்டு ஸ்டேட்டஸ் பார்த்தால் பெயருக்குப் பதிலாக 340, 256, 207 என்று எண்களாக வரும். அது ‘இ’ என்ற ஒரே எழுத்தின் மூன்று பைட்டுகள். கோர்.குவோட்பாத் (core.quotepath) என்ற அமைப்பை ஃபால்ஸ் என்று மாற்றிவிட்டால் பெயர் தமிழிலேயே தெரியும். அப்புறம் வரி முடிவு. வகுப்பில் நாலு பேரிடம் விண்டோஸ், இரண்டு பேரிடம் உபுண்டு என்ற லினக்ஸ். ஒருவர் கோப்பைத் திறந்து ஒரு சொல்லை மாற்றிச் சேமித்தால் 40 வரியும் மாறியதாக டிஃப் காட்டும். விண்டோஸில் வரி முடிவில் இரண்டு குறி, லினக்ஸில் ஒன்று என்பதால் வரும் வினை. கிட்அட்ரிப்யூட்ஸ் கோப்பில் ஒரு வரி எழுதினால் தீர்ந்துவிடும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இதை விடவே கூடாது. மாறாத வரியை மாறியதாகக் காட்டும் டிஃபை ஒருவர் இரண்டு தடவை பார்த்துவிட்டால், மூன்றாவது தடவை கவனமாகப் படிக்கமாட்டார்.

இதைவிட ஆழமான ஒன்று போன வருடம் வந்தது. ஒருவன் அனுப்பிய மாற்றத்தில் ‘கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கவும்’ என்ற வரி சிவப்பில் போயிருந்தது. கீழே பச்சையில் வந்திருந்ததும் அதே வரிதான். எழுத்துக்கு எழுத்து, புள்ளிக்குப் புள்ளி ஒன்று. இடைவெளி எண்ணினோம், வரி முடிவைப் பார்த்தோம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வித்தியாசம் ‘கோ’வில் இருந்தது. எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாக எழுதலாம். ‘க’வுக்குப் பிறகு ஓகாரக் குறி என்று இரண்டு குறியீடு, 6 பைட். அல்லது ‘க’, ஏகாரக் குறி, துணைக்கால் என்று மூன்று குறியீடு, 9 பைட். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. அவன் பழைய எழுத்துரு ஒன்றிலிருந்து மாற்றி ஒட்டியதில் இரண்டாவது வகை வந்துவிட்டது. எங்கள் ஊரின் பெயரே இரண்டாகிவிட்டது! ஒரு வகையில் சேமித்ததை இன்னொரு வகையில் தேடினால் கிடைக்காது. பைத்தானில் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வழி இருக்கிறது, அதை அன்றைக்கே சேர்த்தோம். நான் இதை இங்கே சொல்வதற்குக் காரணம், அந்த டிஃபைப் பார்த்த பெண் “ஒண்ணும் மாறல, ஓகே” என்று தாண்டிப் போகவில்லை என்பதுதான். “ரெண்டு வரியும் ஒண்ணாத்தான் தெரியுது. ஏன் மாறினதா காட்டுது?” என்று எழுதினாள். தனக்குப் புரியாததைப் புரியவில்லை என்று எழுதிக் கேட்கிற துணிச்சல்தான் ரிவ்யூவில் முக்கியம். கட்டளைகளைவிட அதைச் சொல்லித்தர எனக்கு அதிக நாள் ஆகிறது.

அந்தத் துணிச்சலுக்கு மொழி குறுக்கே நிற்கும் என்று நான் முதலில் எதிர்பார்க்கவில்லை.

முதல் குழுவுக்கு, கமென்ட் எல்லாம் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தேன். நாளைக்கு வேலையில் தேவைப்படுமே என்ற நினைப்பு. வந்த கமென்ட்களைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ராங்.” “சேஞ்ச் திஸ்.” “நாட் குட்.” நேரில் அப்படி ஒரு சொல் பேசாத பிள்ளைகள். அவர்கள் கையில் இருந்த ஆங்கிலம் அவ்வளவுதான். தன்மையாகச் சொல்லத் தேவையான சொற்கள் அவர்களிடம் இல்லை. மற்ற பாதிப்பேர் எல்லாவற்றுக்கும் “நைஸ்” என்று போட்டார்கள். கேள்வி கேட்கிற அளவுக்கு ஆங்கிலம் வராததால் கேட்காமலே விட்டுவிட்டார்கள். இரண்டாவது குழுவிலிருந்து தமிழ்தான். பேசுகிற மாதிரியே எழுதுங்கள் என்றேன். வேலைக்குப் போன பிறகு ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு அதை இன்னொரு மொழியில் கேட்பது பெரிய விஷயம் இல்லை.

தமிழுக்கு வந்ததும் வேறு ஒரு சிக்கல் வந்தது. நீயா, நீங்களா? மொபைல் கடை அண்ணன் தேயிலை எடைக் கணக்குக்கு எழுதிய கோடை 19 வயதுப் பெண் ரிவ்யூ செய்ய வேண்டிய முறை. இரண்டு வாரம் ஒரு கமென்ட்கூட இல்லை. வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். “எடை எதுவும் போடாம விட்டா அது நின்னுடும்க்கா, பார்த்தேன். ஆனா அண்ணா எழுதினதுல போய் நான் எப்படிக்கா சொல்றது?” என்றாள். அவள் பிழையைப் பார்த்திருக்கிறாள். சொல்ல வாய் வரவில்லை. இது கூச்சம் என்று தள்ளிவிடக்கூடிய விஷயம் இல்லை. பெரியவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை.

வழி தமிழிலேயே இருந்தது. நம் மொழியில் ஆளைச் சொல்லாமலே ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்கலாம். “இங்கே எடை காலியா வந்தா என்ன ஆகும்?” இதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. மரியாதை குறையவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை அவள் இதே வாக்கியத்தை எழுதினாள். அண்ணன் பதில் போட்டார்: “நல்லா கேட்டம்மா. நான் யோசிக்கவே இல்ல. மாத்திட்டேன், இப்ப பாரு.” அந்தப் பதிலுக்குப் பிறகு அவள் கேள்விகள் நிற்கவில்லை.

அதிலிருந்து, கமென்ட்டில் ஆளைக் குறிக்கும் சொல் வேண்டாம் என்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. “ஏன் இப்படிச் செஞ்சீங்க” என்பதைவிட “இப்படி இருக்கக் காரணம் என்ன” என்பது எவ்வளவோ இறுக்கத்தைக் குறைக்கிறது. இன்னொரு பழக்கமும் வந்தது. ஒவ்வொரு கமென்ட்டின் தொடக்கத்திலும் அவசியம், விருப்பம், சந்தேகம் என்ற மூன்றில் ஒரு சொல்லைப் போட வேண்டும். அவசியம் என்றால் மாற்றாமல் மெர்ஜ் ஆகாது. விருப்பம் என்றால் எழுதியவர் முடிவு. சந்தேகம் என்றால் கேட்பவருக்கே தெரியவில்லை, பதில் சொன்னால் போதும். இந்த ஒரு சொல் இல்லாதபோது, மாறியின் பெயர் பிடிக்கவில்லை என்ற சின்ன விஷயத்துக்கும் கணக்கே தப்பு என்ற பெரிய விஷயத்துக்கும் எழுதியவர் ஒரே மாதிரி பயந்தார்.

கோடை இணையத்தில் வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் 2016இல் வந்த ரிவ்யூ வசதியில் கமென்ட், அப்ரூவ், ரிக்வெஸ்ட் சேஞ்சஸ் என்று மூன்று வழி இருக்கிறது. தன்னுடைய புல் ரிக்வெஸ்டை, அதாவது சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பும் மாற்றத்தை, தானே அப்ரூவ் செய்ய அது விடாது. அப்ரூவ் கொடுத்தவருக்கும் அந்த வரிகளில் பங்கு உண்டு, பின்னால் பிழை வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும் என்று வைத்திருக்கிறேன். 100 வரியைத் தாண்டினால் படிக்காமலே திருப்பி அனுப்பலாம். என்னுடைய அந்த 1,400 வரியை மறக்காததால் வந்த விதி இது.

நாலாவது வாரம்தான் உண்மையான கோட். எல்லாக் குழுவுக்கும் ஒரே வேலை. சிறு விவசாயி ஒருவர் மாதம் முழுக்கத் தொழிற்சாலைக்குக் கொடுத்த பச்சைத் தேயிலைக்கு என்ன தொகை வர வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும். இங்கே எந்த வீட்டிலாவது கொஞ்சம் இலை இருக்கும், அல்லது இலை பறிக்கப் போகிறவர் ஒருவர் இருப்பார். எனவே விஷயத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆனால் விஷயம் எல்லோருக்கும் ஒரே அளவில் தெரியாது. வகுப்பில் கோட் நன்றாக எழுதுகிற பையனின் அப்பா டவுனில் கடை வைத்திருக்கிறார். அவன் அழகாக எழுதியிருந்தான். சின்னச் சின்னச் செயற்கூறுகள், நல்ல பெயர்கள். மாதத்து எடையை எல்லாம் கூட்டி, ஈரத்துக்கு 10 சதவீதம் கழித்து, மீதியை விலையால் பெருக்கியிருந்தான். நான் பார்த்தாலும் அப்ரூவ் கொடுத்திருப்பேன்.

அதை ரிவ்யூ செய்தவள் சோலூர்மட்டத்துப் பெண். கோடில் அவள்தான் அப்போது பின்தங்கியிருந்தாள். லூப்பை இரண்டு தடவை படித்துத்தான் புரிந்துகொள்வாள். வழக்கப்படி முதலில் தன் வார்த்தையில் சொல்லத் தொடங்கினாள். “மாசம் பூரா போட்ட இலையைக் கூட்டுது. அப்புறம் ஈரத்துக்குக் கழிக்குது...” அங்கே நின்றாள். “அவசியம்: மழை நாள்ல போட்ட இலைக்கு மட்டும்தானே ஈரம் கழிப்பாங்க? வெயில் நாள் இலைக்கும் சேர்த்துக் கழியுதே” என்று எழுதினாள். அதோடு இன்னொன்று: “சந்தேகம்: விலை ஏற்கெனவே எழுதியிருக்கு. அந்த மாசத்து விலை பின்னாடிதானே தெரியும்?” இரண்டுமே சரி. ஈரம் ஒவ்வொரு எடைக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியது. விலை கோடுக்குள் நிலையாக உட்கார்ந்திருக்கக் கூடாது, வெளியிலிருந்து வர வேண்டும். பையன் அந்தப் பகுதியை முழுக்கத் திரும்ப எழுதினான். பைத்தானில் அவளுக்கு அவன் உதவினான். மழைக்காலத்தில் எடை எப்படிப் போடுவார்கள் என்பதை அவள் அவனுக்குச் சொன்னாள். ரிவ்யூ செய்பவர் எழுதியவரைவிடத் திறமைசாலியாக இருக்க வேண்டும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். அன்றோடு அது போயிற்று.

ஏன் இன்னொரு கண் வேண்டும் என்பதற்கு அந்த மொபைல் கடை அண்ணன் சொன்ன உதாரணம் என்னுடையதைவிட நல்லது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும் மலை ரயிலை நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். இன்ஜின் ஓட்டுகிறவருக்கு எதிரே தண்டவாளம் தெரியாது, பெட்டிகள்தான் தெரியும். முன் பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்கிறவர்தான் பாதையைப் பார்த்துச் சைகை கொடுக்க வேண்டும். “தள்ளுறவரு வேற, பார்க்குறவரு வேற” என்றார். அந்த ரயில் யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்ததும் கிட் பிறந்ததும் ஒரே வருடம், 2005.

கிட் பிறந்த கதையைச் சொல்வதற்கும் எங்கள் ஊர் ஒரு சந்தர்ப்பம் கொடுக்கும். வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரிப் பக்கம் மரம் விழும், கரண்ட் போகும், நெட் போகும். லேப்டாப்பில் சார்ஜ் மட்டும் இருக்கும். முதல் தடவை அப்படி ஆனதும் எல்லோரும் பையைக் கட்டத் தொடங்கினார்கள். கிட்டும் கிட்ஹப்பும் ஒன்று என்ற நினைப்பு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வேலைக்காக, அதை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதினார். அதுவரை அவர்கள் பயன்படுத்திய கருவியை இலவசமாகப் பயன்படுத்தும் அனுமதி அப்போது போய்விட்டிருந்தது. அதே வருடம் ஜூலையிலிருந்து ஜூனியோ ஹமானோ அதைப் பராமரித்து வருகிறார். உலகம் முழுக்கச் சிதறியிருக்கிறவர்களுக்காகச் செய்தது. அதனால் ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும். கமிட் செய்யவோ, பிராஞ்ச் பிரிக்கவோ, டிஃப் பார்க்கவோ நெட் தேவையில்லை. கெர்னல்காரர்கள் இன்றைக்கும் மாற்றங்களை மின்னஞ்சலில் அனுப்பித்தான் ரிவ்யூ செய்கிறார்கள். எங்களிடம் அன்று மின்னஞ்சலும் இல்லை, ஒரு பென்டிரைவ் இருந்தது. அதில் மாற்றங்களின் வரலாறு மட்டும் இருக்கும் ஒரு வெற்றுக் களஞ்சியத்தை உருவாக்கி, கைமாற்றிக் கைமாற்றி புஷ் செய்தோம், மற்றவர் போட்டதை எடுத்துக்கொள்ளப் புல் செய்தோம். கமென்ட் எல்லாம் வாய்ப்பேச்சு. அந்த அந்திவெளிச்சத்தில் நடந்த ரிவ்யூதான் நான் நடத்தியதிலேயே நன்றாக நடந்தது.

பென்டிரைவ் கைமாறியதில் ஒருவன் மற்றவர் செய்ததை எடுத்துக்கொள்ளாமல், கிட் மறுத்த இடத்தில், அங்கே இருப்பதைத் தள்ளிவிட்டுத் தன்னுடையதை வைக்கும் ஃபோர்ஸ் புஷ் கொடுத்துவிட்டான். மற்ற இருவரின் கமிட்கள் பென்டிரைவில் காணாமல்போயின. அவன் முகம் வெளிறிவிட்டது. ஒருவருடைய லேப்டாப்பில் அவை அப்படியே இருந்தன. இன்னொருவர் அதற்குள் தன் கிளையை வேறு நிலைக்கு ரீசெட் செய்திருந்தார், அவருடையதை ரெஃப்லாக்கிலிருந்து எடுத்தோம். கிளை எந்தெந்தக் கமிட்டில் நின்றது என்று அவரவர் கணினியில் கிட் எழுதிவைக்கும் குறிப்பு அது. எந்தக் கிளையிலும் இல்லாமல்போன கமிட்டைக்கூட ரெஃப்லாக் வழக்கமாக 30 நாள் வரை வைத்திருக்கும். கமிட் செய்த எதுவும் அவ்வளவு சீக்கிரம் தொலையாது என்பதை அவர்கள் கண்ணாலேயே பார்த்தது நல்லதாகிவிட்டது. கான்ஃப்ளிக்ட்டையும் இதே மாதிரி வேண்டுமென்றே வரவழைப்பேன். இரண்டு பேரை ஒரே வரியை மாற்றச் சொல்லி மெர்ஜ் செய்ய வைத்தால், இரண்டு வடிவத்தையும் குறிகளுக்கு நடுவே வைத்து கிட் கேட்கும். யாருடையதை வைப்பது என்பதை அந்த இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்துதான் முடிவெடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் தீர்த்தால் அது மெர்ஜ் ஆகாது என்று சொல்லிவிடுவேன்.

ப்ளேம் என்ற கட்டளையைக் கடைசி வாரம்தான் காட்டுகிறேன். ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று அது சொல்லும். பெயரின் பொருளே பழி. அதே வேலையைச் செய்ய அனோட்டேட் என்று இன்னொரு கட்டளை இருக்கிறது. நான் அந்தப் பெயரைத்தான் முதலில் சொல்லித்தருகிறேன். இந்த வரியைப் பற்றி யாரிடம் கேட்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் அது.

இந்த வருடம் அந்த இலைக் கணக்கு ஓரளவு உருப்படியாக வந்தது. சோலூர்மட்டத்துப் பெண் தன் வீட்டு அக்டோபர் மாத எடைகளைப் போட்டு, டவுனில் பிரிண்ட் எடுத்து அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை வந்தவள், பையைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே தாளை என்னிடம் நீட்டினாள். ஓரத்தில் பேனாவால் ஒரு வட்டம்.

“அம்மா கேட்டாங்கக்கா. சாக்கு எடையை ஈரத்துக்கு முன்னாடி கழிச்சீங்களா, பின்னாடி கழிச்சீங்களான்னு.”

நாங்கள் யாருமே யோசிக்காத இடம். அங்கேயே போட்டுப் பார்த்தோம். 40 கிலோ மூட்டை, சாக்கு 1 கிலோ, ஈரம் 10 சதவீதம். முதலில் சாக்கைக் கழித்தால் 39இல் 10 சதவீதம் போக 35.1. முதலில் ஈரத்தைக் கழித்தால் 36, அதில் சாக்கு போக 35. மூட்டைக்கு 100 கிராம். எங்கள் கோட் இரண்டாவது வழியில் போட்டிருந்தது. ரிவ்யூவில் மூன்று பேர் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தோம், நானும் சேர்த்து.

கோடை எழுதிய பையன் தாளை வாங்கி வட்டத்தைப் பார்த்தான். “சாக்குக்கு எதுக்கு ஈரம் கழிக்கணும்? அம்மா கேட்டது சரிதான்” என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தான். புதுக் கிளை பிரித்தான், இரண்டு வரியை இடம் மாற்றினான். கமிட் செய்தியில் காரணத்தை எழுதிவிட்டு, அடுத்த வரியில் கேட்டது யார் என்பதையும் எழுதினான். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்து, “அப்ரூவ் நீதானே கொடுக்கணும்?” என்றான்.

“இரு, முதல்ல படிக்கிறேன்” என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.